தொழிற்சங்கம் பற்றி ஆய்வு செய்தால் முகாமைத்துவ பீடத்தில் எதிர்காலம் உண்டா?

வெள்ளவத்தைக்காரி:
கொழும்பில் எம்பிஏ செய்கிறேன். பகலில் ஓர் ஆடைக் கம்பனியின் மனிதவளப் பிரிவில் வேலை. ஆய்வுக்குத் தொழிற்சங்கத்தை எடுக்கப் போகிறேன் என்றதும் மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "அது கலைப்பீடத்துப் பிள்ளைகளின் சப்ஜெக்ட். ஊழியர் திருப்தி என்று ஒரு வினாக்கொத்து அடித்து முடியுங்கள்" என்கிறார். பிறகு கலாநிதிப் பட்டமும் செய்து விரிவுரையாளராக வர ஆசை. சங்கங்களைப் படித்து வணிகப் பள்ளியில் மேலே வந்தவர் யாராவது இருக்கிறார்களா?

கோட்டைக் கிளார்க்:
பீடாதிபதி வரைக்கும் வந்தவர் இருக்கிறார், மகள். ஜோர்ஜ் ஷூல்ட்ஸ். ரீகனின் வெளிநாட்டு அமைச்சர் என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் ஆள் அடிப்படையில் தொழில் உறவுகள்காரர். 1949இல் எம்ஐடியில் கலாநிதிப் பட்டம். எதைப் பற்றி? மசாசூசெட்ஸில் ப்ரொக்டன் என்ற ஊரில் சப்பாத்துத் தொழிலில் சம்பளம் எப்படித் தீர்மானமாகிறது என்று. ஒரே ஊர், ஒரே தொழில், அவ்வளவுதான். 1957இல் சிக்காகோ வணிகப் பள்ளிக்குத் தொழில் உறவுகள் பேராசிரியராகப் போனார், 1962இல் அங்கேயே பீடாதிபதி.

எனக்குப் பிடித்தது அவர் கதிரையோடு ஒட்டிக் கிடக்காததுதான். ஆர்மர் என்ற இறைச்சிக் கம்பனி இயந்திரங்களைக் கொண்டுவந்து பழைய ஆலைகளை மூடியபோது, வேலை போனவர்களுக்கு என்ன செய்வது என்று பார்க்கக் கம்பனியும் சங்கங்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. அதில் இவரும் தலைமை வகித்தார். அந்த அனுபவம் பிறகு புத்தகமாகவும் வந்தது.

1969இல் நிக்சன் அவரைத் தொழில் அமைச்சராக்கியபோது துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரசாங்கம் தலையைப் போட வேண்டாம், இரண்டு பக்கமும் பேசித் தீர்க்கட்டும் என்றார். தீர்ந்தது. நம் ஊரென்றால் வேலைநிறுத்தத்தை அடக்க அன்றிரவே அத்தியாவசிய சேவை வர்த்தமானி வந்திருக்கும்!

நான் முப்பது வருடத்துக்கு மேல் கோட்டையில் ஒரு கம்பனியின் பேர்சனல் பகுதியில் இருந்தவன். தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்போவின் சங்கத்தோடு பேச்சுவார்த்தை என்றால் எங்கள் மனேஜர் முதல் நாளே கோப்புகளை வரிசையாக அடுக்கச் சொல்வார். அந்தப் பக்கம் வருகிறவர்கள் உடன்படிக்கையைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்து வருவார்கள். நாங்கள் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். இதை எந்த வினாக்கொத்தில் பிடிப்பீர்கள்?

மாதங்கி:
ஐயா சொன்னது சரி, ஆனால் சிக்காகோவைக் காட்டி இந்தப் பிள்ளையைக் கிளப்பிவிட வேண்டாம். ஷூல்ட்ஸ் ஏறிய காலத்தில் அமெரிக்காவில் சங்கங்கள் பலமாக இருந்தன, அவற்றோடு பேசத் தெரிந்த ஆள் முதலாளிகளுக்கும் தேவைப்பட்டது. சங்கங்கள் தேய்ந்ததும் வணிகப் பள்ளிகளில் அந்தப் பாடமும் மனிதவளத்துக்குள் கரைந்துபோனது. இங்கே தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதிய குமாரி ஜயவர்தனவும் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தது அரசியல் விஞ்ஞானம்தான். உங்கள் மேற்பார்வையாளர் வாயில் வந்ததைச் சொல்லவில்லை.

அதனால் முகாமைத்துவக் கேள்வியாகவே போடுங்கள். கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் 1999 திருத்தத்தின்படி ஓர் இடத்துத் தொழிலாளர்களில் 40 வீதத்துக்குக் குறையாதவர்கள் ஒரு சங்கத்தில் இருந்தால், முதலாளி அதோடு பேரம் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. ஆனால் அந்த 40ஐ நிரூபிக்கப் போனால் யார் யார் அங்கத்தவர் என்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயம். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் இது பழைய பிரச்சினை. கம்பனி சங்கத்துக்குப் பதிலாக ஊழியர் சபையை வைத்துச் சமாளிக்கிறதா, சங்கத்தை ஏற்கிறதா, ஏன்? இதை யாரும் கலைப்பீடத்துக்குத் தள்ள முடியாது.

வெள்ளவத்தைக்காரி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. தலைப்பு பிடித்திருக்கிறது. ஆனால் என் சொந்தக் கம்பனியில் கேட்டால் வேலைக்கே உலை. தரவுக்கு எங்கே போவது?

கோட்டைக் கிளார்க்:
உங்கள் கம்பனியைத் தொடவே தொடாதீர்கள். கைத்தொழில் பிணக்குச் சட்டப்படி பதிவாகும் கூட்டு உடன்படிக்கைகள் வர்த்தமானியில் வெளிவரும். சம்பளம், லீவு, ஒழுக்காற்று விசாரணை எல்லாம் அச்சில் இருக்கும், யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. பழையவற்றுக்கு ரீட் அவெனியூவில் தேசிய சுவடிகள் திணைக்களம், புதியவற்றுக்கு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களம். ஒரே துறையில் இரண்டு கம்பனிகளின் உடன்படிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம். அப்புறம், கிழமை நாளில் லீவு போட்டுக் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு போனால் கோப்பு எடுத்துத் தருகிறவர் கதிரையில் இருக்க மாட்டார்.