ஆப்பிள் கேக்: துருவிப் போடுவதா, நறுக்கிப் போடுவதா?

மலைக்கோட்டைப் பெண்:
சிம்லா ஆப்பிள் வரத்து ஆரம்பித்துவிட்டது, விலையும் இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமனார், மாமியார் வருகிறார்கள், ஆப்பிள் கேக் செய்யலாம் என்று இருக்கிறேன். பழத்தைத் துருவுவதா நறுக்குவதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாப்பிடும்போது ஆப்பிள் வாயில் தட்டுப்பட வேண்டும், ஆனால் நடுவில் களி மாதிரி நிற்கக் கூடாது. ஓடிஜி (கேக் சுடும் மின்சார அடுப்பு) இருக்கிறது, 8 அங்குல டின். அத்தை முட்டை சாப்பிட மாட்டார்.

அடுப்படி அரசி:
நறுக்கியே போடுங்கள். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர்தான், துருவினால் அது முழுக்க மாவில் இறங்கிவிடும், நீங்கள் பயப்படும் களி அப்படித்தான் வருகிறது. சுண்டைக்காய் அளவுக்கு நறுக்குங்கள், அதைவிடப் பெரிதானால் துண்டைச் சுற்றி மாவு வேகாமல் நிற்கும். நறுக்கிய உடனே சர்க்கரை தூவாதீர்கள், கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கிவிடும். அரை மூடி எலுமிச்சை பிழிந்து பிரட்டி வைத்தால் போதும், கறுக்காது.
முட்டையில்லாமல் நான் செய்யும் அளவு: மைதா 200 கிராம், சர்க்கரை 140, புளிக்காத கெட்டித் தயிர் 180, எண்ணெய் 100 மில்லி, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத்தூள் முக்கால் டீஸ்பூன், நறுக்கிய ஆப்பிள் 250 கிராம். தயிரின் புளிப்பு பட்டவுடனே சோடா பொங்க ஆரம்பித்துவிடும், அதனால் ஓடிஜியைச் சூடாக்கிய பிறகே மாவைக் கலக்குங்கள். மாவு கெட்டியாக, கரண்டியிலிருந்து மெல்ல விழ வேண்டும். தண்ணியாக இருந்தால் பழம் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

கொங்கு பேக்கர்:
அளவு சரி. ஆனால் பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! சிம்லா ஆப்பிள் என்று விற்பதில் பெரும்பாலும் ராயல் டெலிஷியஸ்தான், நல்ல இனிப்பு, புளிப்பு ரொம்பக் குறைவு, வெந்தால் சீக்கிரம் குழைந்துவிடும். கேக்குக்குக் கொஞ்சமாவது புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைப் பாகு மாதிரி தித்திக்கும். பச்சை ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித், கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், விலை கூடத்தான், ஆனால் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். கிடைக்காவிட்டால் அழுத்தினால் அமுங்காத கெட்டிப் பழமாகப் பொறுக்குங்கள். மாவாகிப்போன பழத்தை ஜூஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா ஒரு சமையல்காரன்:
துருவியும் செய்யலாம், துணியில் போட்டு ஒட்டப் பிழிந்துவிட்டுப் போட்டால் களியாகாது, கேக் ரொம்ப மெத்தென்று இருக்கும். ஆனால் வாயில் தட்டுப்பட வேண்டும் என்கிறீர்கள், அப்படியானால் நறுக்குவதுதான் வழி.
சூடு 170 டிகிரி போதும், மேல் கீழ் இரண்டு ராடும் எரியட்டும். பழம் இருப்பதால் சாதாரண கேக்கைவிட நேரம் பிடிக்கும், 50 நிமிடமாவது ஆகும். மேலே சிவந்துவிட்டால் ஃபாயில் போட்டு மூடுங்கள், வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். குச்சியை இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள், ஆப்பிள் துண்டில் குத்தினால் ஈரமாகத்தான் வரும்.

மலைக்கோட்டைப் பெண்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தோல் சீவணுமா?

அடுப்படி அரசி:
சீவிவிடுங்கள். தோல் வேகாமல் தனியாகச் சுருண்டு பல்லில் மாட்டும், பெரியவர்கள் வேறு சாப்பிடப் போகிறார்கள். அப்புறம், நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள்.