உதவி: எடை நின்றுவிட்டது, கொழுப்பு எரிகிறதா இல்லையா?

சேலத்துக்காரன்: அரிசியை நிறுத்தினேன். முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. அப்புறம் முள் நகரவே இல்லை. இத்தனைக்கும் சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கிறது. தங்கை கல்யாணம் நெருங்குகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைக்காகம்: வயது, எடை? அரிசிக்குப் பதில் என்ன சாப்பிடுகிறீர்கள்? மாத்திரை ஏதாவது?

ஜிம்பாய்: வியர்த்தாலே கொழுப்பு உருகுதுன்னு அர்த்தம் ப்ரோ. ரெயின்கோட் போட்டு ஓடுங்க.

திண்ணைவாத்தியார்: இதற்கு எத்தனை முறைதான் எழுதுவது? பழைய இழைகளைப் புரட்டும் பழக்கம் யாருக்கும் இல்லை. கொழுப்பு உருகி வழியாது தம்பி. உடலில் சேமித்த கொழுப்பான டிரைகிளிசரைடு உடைந்து கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் வரும். தசைச் செல்லுக்குள் அடுப்பு மாதிரி இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், 1.6 கிலோதான் தண்ணீர். 2014இல் மீர்மன், பிரௌன் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் போட்டுக் காட்டிய கணக்கு.

ஜிம்பாய்: அப்போ வேகமா மூச்சு விட்டா போதுமா?

திண்ணைவாத்தியார்: தலைசுற்றி விழுவீர்கள். செல் எரித்தால்தான் அந்த வாயுவே உண்டாகும்.

மழைக்காகம்: முதல் வாரம் போனது பெரும்பாலும் தண்ணீர். உடல் மாவுச்சத்தைச் சேமிக்கும் வடிவம் கிளைகோஜன். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும், அரிசி நின்றதும் அது கழிந்துவிடும். உடல் கொழுப்பு கிலோவுக்கு சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 500 குறைத்தாலும் ஒரு கிலோ இறங்க இரண்டு வாரம் ஆகும். சரி, நான் கேட்டதற்குப் பதில் எங்கே?

நிலாச்சோறு: கலோரிக் கணக்கெல்லாம் வீண். இன்சுலின் ஏறியிருந்தால் கொழுப்பு வெளியே வராது. வெண்ணெய்க் காபி குடியுங்கள்.

மழைக்காகம்: இன்சுலின் தடுப்பது உண்மைதான். ஆனால் வெண்ணெய் குடித்தால் முதலில் அந்த வெண்ணெய்தானே எரியும்?

நிலாச்சோறு: என் மாமியார் அதில்தான் இளைத்தார். செக்கு எண்ணெயும் அப்படித்தான்.

திண்ணைவாத்தியார்: செக்கோ ரீஃபைண்டோ, கிராமுக்கு 9 கலோரி.

சேலத்துக்காரன்: வேர்க்கடலைதான் சாப்பிடுகிறேன். சுகருக்கு கிளிமிபிரைடு போடுகிறேன்.

மழைக்காகம்: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. அரிசியும் இல்லையென்றால் சுகர் ஆபத்தாக இறங்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வியர்க்கிறதா?

சேலத்துக்காரன்: ஆமாம். கையும் நடுங்கும்.

மழைக்காகம்: நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எடை அப்புறம்.

நிலாச்சோறு: செக்கு எண்ணெயில் சத்து அதிகம், அதை யாரும் மறுக்க முடியாது.

திண்ணைவாத்தியார்: சத்தைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?

சேலத்துக்காரன்: டாக்டரைப் பார்த்தேன், மாத்திரையைக் குறைத்திருக்கிறார். நன்றி.

நிலாச்சோறு: எந்தச் செக்கு, மரச்செக்கா இரும்புச் செக்கா என்றுகூடக் கேட்காமல் பேசுகிறார் வாத்தியார்.