ஹெண்டர்சன் ஓடுதளத்தை எப்படிக் காப்பாற்றினார்கள்?

மன்னார்குடி மாணவி:
இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலில் உள்ள குவாடல்கனால் தீவுக்காக அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய போரைப் பற்றிப் படிக்கிறேன். அங்கே அமெரிக்கர் கையில் இருந்த விமானத் தளம்தான் ஹெண்டர்சன். 1942 அக்டோபர் 13 இரவு கொங்கோ, ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பல்கள் அந்தத் தளத்தின்மேல் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பெரிய குண்டுகளைப் பொழிந்தன. எரிபொருளில் பெரும்பகுதி போய்விட்டது. அப்படியும் 15ஆம் தேதி, ஆள் இறக்க வந்த ஜப்பானியக் கப்பல்களை அங்கிருந்தே விமானங்கள் கிளம்பித் தாக்கின. அது எப்படி?

திருவையாறு வாசகர்:
நீங்கள் கேட்டதும் எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் கொள்ளிடக் கரையில் லஸ்கர், அதாவது ஆற்றுக் கரையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். ஐப்பசி பிறக்கும் முன்பே மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் கரையோரம் அடுக்கியாக வேண்டும் என்பார். உடைப்பு எடுத்த பிறகு மணல் தேடினால் ஊரே மூழ்கிவிடும்.

அங்கேயும் அதே வேலைதான். செப்டம்பர் 1 அன்று வந்த அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் பிரிவு, ஒரு குண்டுப் பள்ளத்துக்கு எவ்வளவு மண்ணும் சரளையும் வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு லாரிகளில் ஏற்றி, ஓடுதளத்தின் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. மேலே விரிக்கும் துளையிட்ட இரும்புத் தகடுகளும் தயார். குண்டுவீச்சு ஓய்ந்ததும் ஓடிப் போய் நிரப்பினார்கள். விமானிகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். மண்வெட்டி பிடித்த இவர்களைப் பற்றியும் நிறைய எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

கும்பகோணத்திலிருந்து:
இன்னொன்று. பெரிய ஓடுதளத்துக்குப் பக்கத்தில் சண்டை விமானங்களுக்கென்று ஒரு புல்தரை ஓடுதளம் இருந்தது. அதற்கு அவ்வளவு சேதமில்லை. பெட்ரோலுக்கு, பழுதாகிக் கிடந்த பி-17 என்ற குண்டுவீச்சு விமானங்களின் தொட்டியிலிருந்தும் உறிஞ்சி எடுத்தார்கள்.

மன்னார்குடி மாணவி:
சரி, ஒரு மண் ஓடுதளத்துக்கு ஏன் ஆறு மாதச் சண்டை?

திருவையாறு வாசகர்:
தலைமடை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதானே தண்ணீர்? தளம் கையில் இருந்ததால் பகலில் அந்தக் கடல் அமெரிக்கர் வசம். ஜப்பானியர் இரவில் வேகமான நாசகாரிக் கப்பல்களில்தான் ஆட்களைக் கொண்டுவர முடிந்தது. அதில் கனரக பீரங்கியையும் போதுமான அரிசியையும் ஏற்ற முடியாது. ஆரம்பத்தில் அமெரிக்கர்களே ஜப்பானியர் விட்டுப்போன அரிசியைப் பொங்கி, நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பிட்டார்கள். பிறகு அதே தீவில் ஜப்பானிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் பசியிலும் நோயிலும் செத்தார்கள். நெல் விளையும் மண்ணில் பிறந்தவன் நான். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.