சாரணர் சோபான் தேர்வு, பேட்ஜ், கையெழுத்து: மனதை விட்டுப் போகாத சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

மணவாளக்குறிச்சி ஸ்கவுட் மாஸ்டர்

திருதிய சோபான் (மூன்றாம் படி) தேர்வு முகாம். எங்கே, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். பைனியரிங் (கயிறு, முடிச்சு வேலை) பகுதி நடந்துகொண்டிருந்தது. என் படையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டில் அப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் கடல் தொழில். தேர்வாளர் ஒரு தடித்த கயிறும் ஒரு மெல்லிய கயிறும் கொடுத்து ஷீட் பெண்ட் (இரண்டு கயிற்றை இணைக்கிற முடிச்சு) போடச் சொன்னார். பையன் தடித்த கயிற்றை மடக்கி இடது கை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டான், மெல்லியதை விரலுக்கு மேலே ஒரு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழுப்பு, முடிந்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் இன்னும் 'கீழே இருந்து மேலே, பின்னால் சுற்றி' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் பார்த்துவிட்டு, "இது முறை இல்லை, புத்தகத்தில் இருக்கிற மாதிரி போடு" என்றார். பையன் முடிச்சைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அப்புறம் இரண்டு கயிற்றையும் அவர் பக்கம் நீட்டி, "இழுத்துப் பாருங்க சார்" என்றான்.

அவர் இழுக்கவில்லை. தாளில் எதையோ எழுதிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்.

வலையில் கண்ணிக்குக் கண்ணி விழுகிற முடிச்சும் ஷீட் பெண்டும் அமைப்பில் ஒன்றுதான் என்பது கடற்கரையில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கை போகிற வழிதான் வேறு. அந்தப் பையன் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே கற்ற முடிச்சு அது. நீட்டிய கையை அவன் மெல்லக் கீழே இறக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள்.

பூதப்பாண்டி தேர்வாளர்

சார், நான் அந்த முகாமில் இல்லை, ஆனால் தேர்வு எடுக்கிற இடத்தில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஷீட் பெண்டில் இரண்டு கயிற்றின் சிறு நுனிகளும் ஒரே பக்கம் வர வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் வந்தால் பார்க்க அதே முடிச்சு போலத்தான் இருக்கும், ஆனால் பாரம் ஏறினால் நழுவ வாய்ப்பு அதிகம். உங்கள் பையன் போட்டதில் நுனிகள் எந்தப் பக்கம் இருந்தன? அது தெரியாமல் தேர்வாளர்மேல் பழி போடக் கூடாது. அதோடு முடிச்சைப் போட்டால் மட்டும் போதாது, எங்கே பயன்படும் என்றும் சொல்ல வேண்டும். இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

என் சம்பவம் வேறு. ஒரு பள்ளியில் இருந்து வந்த பையன்கள் எல்லோருடைய லாக் புத்தகமும் (செய்ததை எழுதி வைக்கிற குறிப்பேடு) ஒரே மாதிரி. மருந்துவாழ்மலைக்கு ஹைக் (நடைப்பயணம்) போனதாக வரைபடம், திசை, வழியில் பார்த்த மரங்கள், குறிப்புகள், எல்லாம் அழகு. ஒருவனைக் கூப்பிட்டு, "மேலே ஏறி நின்றால் கடல் எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்து, "நாங்க போகலை சார். போர்டுல எழுதிப் போட்டாங்க, நாங்க பார்த்து எழுதினோம்" என்றான். பின்னால் நின்ற அவனுடைய ஆசிரியர் முகம் எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

சாரண விதியில் முதல் விதியே நம்பிக்கைக்கு உரியவனாக இருப்பதுதான். அதைச் சொந்தமாகக் கடைப்பிடித்தவன் அந்த வரிசையில் அவன் ஒருவன்தான். ஆனால் ஹைக் போகாதவனுக்கு ஹைக் போனதாக எப்படிக் கையெழுத்துப் போடுவது? போடவில்லை. மற்றவர்களுக்கும் போடவில்லை. மலை எங்கேயும் போகாது, போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அந்தப் பள்ளியில் இருந்து அப்புறம் யாரும் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் குடைகிறது. உண்மை சொன்னால் நஷ்டம் என்று அந்தப் பையன் கற்றுக்கொண்டிருப்பானோ?

குழித்துறை கைடு கேப்டன்

ஆடி அமாவாசை, வாவுபலி (முன்னோருக்குப் பலி கொடுக்கிற) நாள். ஆற்றங்கரைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் கைடு (சாரணியர்) பிள்ளைகள் வரிசையை ஒழுங்குபடுத்துகிற சேவையில் நின்றார்கள். படிக்கட்டுக்கு மேலே ஒரு ஆள் திடீரென்று விழுந்து வெட்டிவெட்டி இழுக்க ஆரம்பித்தார், வலிப்பு. உடனே நாலு பேர் கையைக் காலைப் பிடித்து அமுக்குகிறார்கள், ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருகிறார். என் பிள்ளை ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, சாதாரணமாகச் சத்தம் போட்டே பேசாதவள், உள்ளே புகுந்து சாவி வைத்திருந்த அந்தப் பெரிய மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம் மாமா, பிடிக்காதீங்க, விடுங்க" என்றாள். கழுத்தில் இருந்த ஸ்கார்பைக் கழற்றி மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்தாள், பக்கத்தில் கிடந்த கல்லை எல்லாம் தள்ளினாள், இன்னொருத்தியிடம் "மணி பார்த்துக்கோ, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108" என்றாள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தபோது, நினைவு நன்றாகத் திரும்பட்டும் என்று தடுத்துவிட்டாள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

கொஞ்ச மாதம் கழித்து முதலுதவி பேட்ஜுக்கு அவளை அனுப்பினேன். முதல் கேள்வி, "முதலுதவி என்றால் என்ன? வரையறை சொல்." திக்கினாள். இரண்டாவது, "முதலுதவியாளருக்கு வேண்டிய குணங்கள் எத்தனை?" அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர். முக்கோணக் கட்டுத் துணி மேஜைமேல் மடித்தபடியே இருந்தது, யாரும் அதைத் தொடவே இல்லை. 'மறு தேர்வு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு பெரிய ஆளின் மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்தவள் நான். எனக்கு ஆறவே இல்லை.

பழைய ரோவர், நாகர்கோவில்

எல்லோரும் தேர்வாளர்களையே குறை சொல்கிறீர்கள். பூதப்பாண்டி சார் செய்தது சரி. என் சம்பவம் சின்னதுதான்: முகாம் முடிகிற நாளில் ஒரு அப்பா வந்து, "தம்பி, ராஷ்டிரபதி வாங்கினா ரயில்வேல வேலை உண்டாமே, எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?" என்று பையனை வைத்துக்கொண்டே கேட்டார். பையன் தலையைத் தூக்கவே இல்லை.

இதைப் பற்றி எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ரயில்வேயில் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் சான்றிதழை நீட்டினால் வேலை என்று யாரும் கொடுப்பதில்லை. ராஷ்டிரபதி விருது (சாரணர்களுக்கான குடியரசுத் தலைவர் விருது) அல்லது ஹிமாலயன் வுட் பேட்ஜ் (சாரண ஆசிரியர்களுக்கான உயர் பயிற்சித் தகுதி) இருக்க வேண்டும், கடைசி ஐந்து வருடம் இயக்கத்தில் விடாமல் இருந்திருக்க வேண்டும், தேசிய அளவில் (அல்லது அகில இந்திய ரயில்வே அளவில்), அதோடு மாநில அளவிலும் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட சான்று வேண்டும், படிப்புத் தகுதி தனி, எழுத்துத் தேர்வு தனி. இடங்களும் குறைவு. பத்தாம் வகுப்போடு யூனிபார்மைக் கழற்றி வைத்துவிட்டு, டிகிரி முடித்து அலமாரியில் இருந்து சான்றிதழை எடுக்கிறவர்களுக்கு அந்த ஐந்து வருடம் எங்கே இருந்து வரும்? அதனால் வேலைக்காகவே என்றாலும் ரோவர், ரேஞ்சராக (மூத்த இளைஞர், இளம்பெண்கள் பிரிவு) தொடர வேண்டும், கல்லூரியில் குழு இல்லை என்றால் மாவட்டத்தில் கேட்டு ஓப்பன் யூனிட்டில் (பள்ளி, கல்லூரி சாராத குழு) சேர வேண்டும். விண்ணப்ப அறிவிப்பை ரயில்வே ஆட்சேர்ப்புப் பிரிவுகளின் (RRC) இணையதளத்தில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். நிகழ்ச்சிச் சான்றிதழ்களில் பெயரின் இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளது போலவே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

களியக்காவிளைக்காரன்

இதே கேள்வி எங்கள் எல்லைப் பக்கம் வேறு மாதிரி வரும். அந்தப் பக்கம் கேரளப் பள்ளியில் சொந்தக்காரப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அங்கே ராஜ்ய புரஸ்கார் (மாநில அளவிலான சாரணர் விருது) வாங்கினால் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க் உண்டு. "இங்கே ஏன் சார் இல்லை, பிறகு எதுக்கு இத்தனை ஞாயிற்றுக்கிழமை?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். ஆளுநர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என்று சொன்னேன், அவருக்கு அது போதவில்லை. ஆனால் அவர் பையன் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை விடவே இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் டியூஷனுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போவானே தவிர, படையில் இறுதிக் கொடி இறங்கும்வரை நிற்பான்.

குளச்சல், ஒரு கைடின் அம்மா

நான் ஆசிரியை இல்லை. முகாமில் பெண் பிள்ளைகளுக்குத் துணையாக வருகிற அம்மா, அவ்வளவுதான். எல்லோரும் தேர்வாளர் கடுமையாக இருந்ததைச் சொல்கிறீர்கள், நான் அதில் நல்லதையும் பார்த்திருக்கிறேன்.

பாத்திரம் இல்லாத சமையல். என் மகளின் அணி மரச்சீனிக் கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்தது, சாளை மீனை மசாலா தடவி வாழை இலையில் பொதிந்து கனலில் வைத்தது. முந்தின நாள் மழை, ஓலையும் விறகும் ஈரம், புகைதான் வந்தது. பிள்ளைகள் ஊதி ஊதிக் கண் சிவந்து போய் நின்றார்கள். நான் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, போய் ஒரு கை கொடுக்கலாமா என்று தவித்தேன், பெற்றோர் பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தேர்வாளர் டீச்சர் வந்து இலையைப் பிரித்தார். வெளியே கரி, உள்ளே முள்ளோரம் சிவப்பு. நல்லா முயற்சி பண்ணியிருக்கீங்க என்று எழுதிவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் இலையைத் திரும்ப மடித்து என் மகள் கையிலேயே கொடுத்து, "இன்னும் அரை மணி நேரம் இருக்கு மக்களே, காஞ்ச கொதும்பு எங்க கிடைக்கும்னு பாருங்க" என்றார்.

ஓடினார்கள். தோட்டக்காரரிடம் கேட்டு, கூரைக்கு அடியில் காய்ந்து கிடந்த கொதும்பும் (தென்னம்பாளை மடல்) சிரட்டையும் கொண்டு வந்தார்கள். அந்த மீன் வெந்தது. டீச்சர் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டார். அந்த பேட்ஜை யூனிபார்மில் தைக்க மகள் என்னை விடவில்லை, அவளே தைத்தாள், கோணலாக. பாவம் என்று பாஸ் போட்டிருந்தால் அவளுக்கு அது கிடைத்திருக்காது.

மணவாளக்குறிச்சி ஸ்கவுட் மாஸ்டர்

பூதப்பாண்டி சாருக்கு: நுனிகள் இரண்டும் ஒரே பக்கம்தான் இருந்தன. நான் அருகில் நின்று பார்த்தேன். பயன் என்ன என்று அவனிடம் கேட்கப்படவே இல்லை, கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பான்.

பேடன் பவல் சாரண ஆசிரியர்களுக்கு எழுதியதில் தெளிவாக இருக்கிறது. பேட்ஜுக்கு அளவுகோல் வேலையின் தரம் அல்ல, அந்தப் பிள்ளை போட்ட உழைப்பின் அளவு. பள்ளிக்கூடத் தேர்வு மாதிரி இதை நடத்தக் கூடாது என்பதுதான் அவர் நினைத்தது. 1907இல் பிரவுன்சீ தீவுக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்களை வரையறை ஒப்பிக்கச் சொல்லவில்லை. செய்ய வைத்தார்.

பூதப்பாண்டி தேர்வாளர்

நுனி ஒரே பக்கம் என்றால் அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் உழைப்பு மட்டும் அளவுகோல் என்பதை எல்லா பேட்ஜுக்கும் வைக்க முடியாது சார். பூத்தையல், தோட்டம், சேகரிப்பு இதற்கெல்லாம் சரி. முதலுதவிக்கு? எவ்வளவு உழைத்தாலும் ரத்தம் நிற்காத கட்டு கட்டுத்தானா? அந்தச் சின்னத்தைச் சட்டைக் கையில் பார்த்துத்தான் திருவிழாவில் ஒருவர் "பிள்ளே, இங்க வா" என்று கூப்பிடுவார். குளச்சல் அம்மா சொன்ன டீச்சர் இரண்டையும் சேர்த்துச் செய்தார், தரத்தைக் குறைக்கவில்லை, நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார். எனக்குப் பிடித்த தேர்வு அதுதான். அந்த ஹைக் பையன்களுக்கும் நான் அதைத்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போய்விட்டது.

குழித்துறை கேப்டன் டீச்சர், உங்கள் பிள்ளையை அடுத்த தேர்வுக்கு எங்கள் பக்கம் அனுப்புங்கள். செய்முறை வைக்கிறேன். வரையறையும் கேட்பேன், அதை விட மாட்டேன்.

பழைய ரோவர், நாகர்கோவில்

டீச்சர், அனுப்பும்போது வாவுபலி சேவையை லாக் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். கூட இருந்து மணி பார்த்த பிள்ளையின் பெயரும் வரட்டும். பின்னால் ராஜ்ய புரஸ்காருக்குப் போகும்போது...

குழித்துறை கைடு கேப்டன்

லாக் புத்தகம் நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி. அவள் அதை எழுத மாட்டேன் என்கிறாள், அந்த ஆள் வெட்கப்படுவாராம். கட்டாயப்படுத்தப் போவதில்லை.

பூதப்பாண்டி சார், அனுப்புகிறேன். வரையறை தாராளமாகக் கேளுங்கள். ஆனால் முதலில் ஒரு பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து அவளிடம் கொடுங்கள், கேள்வி எல்லாம் அப்புறம். அவளுக்குக் கை நகர ஆரம்பித்தால்தான் வாய் திறக்கும்.