எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டும் நார்மல். ரத்தம் எங்கே போகிறது?

வார்டு டியூட்டி:
வயது 68, ஹீமோகுளோபின் 6.4. ஆறு மாதத்தில் மூன்று முறை ரத்தம் ஏற்றியாச்சு. அவ்வப்போது தார் மாதிரி ஒட்டும் மலம். ஸ்கோப் இரண்டிலும் ஒன்றுமில்லை. இரும்பு மாத்திரையும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் ஓடுகிறது. நேரே கேப்சூல் (விழுங்கினால் சிறுகுடலைப் படமெடுக்கும் கேமரா மாத்திரை) போடலாமா?

குடல்வழி:
போடலாம், ஆனால் ஸ்கோப் பார்த்து நாளாகிவிட்டது என்றால் மேல்பக்கம் மட்டுமாவது மறுபடி பாருங்கள். ஹயேட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானம் தாண்டி மார்புக்குள் ஏறுவது) மடிப்பிலுள்ள கேமரான் புண் முதல் தடவை தப்பிவிடும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். இல்லையென்றால் குடல் சுவரில் கரும்பூச்சுதான் தெரியும். முதல்நாள் மாலை குடலைச் சுத்தமாக்கும் பி.இ.ஜி. கரைசல் 2 லிட்டர், விழுங்கும் முன் நுரையை அடக்கும் சிமெதிகோன். 26 மி.மீ. நீளக் கேப்சூலால் நிற்கவோ கழுவவோ முடியாது. அடுத்து ரத்தம் போனால் 48 மணி நேரத்துக்குள் விழுங்க வையுங்கள். ரத்தம் நின்று நாளான பிறகு போட்டால் பெரும்பாலும் வெறும் படம்தான். பி.பி. இறங்கினால் கேப்சூல் பேச்சே வேண்டாம், சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்). வாய்வழி கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் மருந்து) கொடுத்துவிடாதீர்கள், கசிவை மறைத்துவிடும்.

ஸ்கோப் அறை:
டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். அது சிறுகுடலில் புண் மட்டுமல்ல, திரை போன்ற சுருக்கமும் உண்டாக்கும். கேப்சூல் அங்கே சிக்கும். சாப்பிட்டதும் வயிறு முறுக்குகிறதா, பழைய குடல் காசநோய் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் முதலில் சி.டி. என்டரோகிராஃபி (சிறுகுடல் ஸ்கேன்). கேப்சூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. கூடாது, இரண்டு வாரத்திலும் காணவில்லை என்றால் வயிற்று எக்ஸ்ரே.

இந்த வயதில் ஆஞ்சியோஎக்டேசியா (குடல் சுவரில் விரிந்து கசியும் சிறு ரத்தநாளங்கள்) அதிகம். கிடைத்தால் பலூன் என்டரோஸ்கோபியில் (பலூன் உதவியால் சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் ஸ்கோப்) ஆர்கான் பிளாஸ்மாவால், அதாவது மின்சாரம் பாயும் ஆர்கான் வாயுவால், சுடலாம். சுவர் மெல்லியது, இரைப்பைக்கு வைக்கும் வாட் (மின்திறன்) அளவை இங்கே வைத்தால் ஓட்டை விழும். சுட்ட பிறகும் பலருக்குத் திரும்ப ரத்தம் போகும். அப்போது ரத்தக்கசிவைக் குறைக்க, நீண்டநாள் வேலை செய்யும் ஆக்ட்ரியோடைட் 20 மி.கி., மாதம் ஒரு ஊசி. அது சரி, இதயத்தில் ஸ்டெத் வைத்தீர்களா?

வார்டு டியூட்டி:
சிஸ்டாலிக் மர்மர் (இதயம் சுருங்கும்போது கேட்கும் இரைச்சல்), கழுத்துவரை கேட்கிறது. சோகையால் என்று விட்டுவிட்டோம்.

ஸ்கோப் அறை:
உடனே எக்கோ எடுங்கள். அயோர்டிக் வால்வு குறுகியிருந்தால் அது ஹைடே நோய்க்கூட்டாக இருக்கலாம்: இடுக்கில் பாயும் ரத்தத்தின் வேகத்தில் ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் புரதம் துண்டாகும், குடலின் சிறு நாளம் கசிந்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் எத்தனை முறை சுட்டாலும் போதாது. வால்வை மாற்றியபின் பலருக்கு ரத்தப்போக்கு நின்றுவிடும்.