கோர் 2 டுவோவுக்கு 64 பிட் போடலாமோ, 32 பிட்டிலேயே விடுறதோ?

வெள்ளவத்தை மகள்:
வீட்டில ஒரு கோர் 2 டுவோ (பழைய இன்டெல் சிப்) கொம்பியூட்டர் கிடக்கு. 32 பிட் விண்டோஸ் 10. 2 ஜிபி ராம் ரெண்டு போட்டிருக்கு, ஆனா 2.96 ஜிபிதான் பாவிக்கலாம் எண்டு காட்டுது. தம்பி ஏ.எல். படிக்கிறான். சூம் வகுப்போட குரோமையும் திறந்தா மவுஸ் அசையாது. 64 பிட்டுக்கு மாத்துவம் எண்டா அப்பா விடுறாரில்லை. செட்டியார் தெருவில கடை வச்சிருந்த காலத்து அடகுக் கணக்கு முழுக்க ஒரு டொஸ் (விண்டோஸுக்கு முந்தின முறை) புரோகிராமில இருக்கு. கறுப்புத் திரையில பச்சை எழுத்து. பழைய ஆக்கள் வந்து கேட்டா இப்பவும் அதில தேடி, டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில ரசீது அடிச்சுக் குடுக்கிறவர். என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனையான்:
மாத்துங்கோ அக்கா. ராமில ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி வேணும். 32 பிட்டில எழுதக்கூடிய முகவரி 4,294,967,296 மட்டும்தான், அதாவது 4 ஜிபி. அதுக்குள்ளதான் விஜிஏ, நெட்வேர்க் கார்ட் எல்லாத்துக்கும் இடம் விடவேணும். உங்கட ராமில ஒரு ஜிபி காணாமப் போனது அப்பிடித்தான். ஏஎம்டி 2003இலேயே 64 பிட் சிப்பை வெளியில விட்டிட்டுது. 2006இல வந்த கோர் 2 டுவோவும் 64 பிட்தான். வாங்கின நாளிலயிருந்து பாதிச் சிப்பைப் பூட்டி வச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்.

பழைய வயர்:
தம்பி, அவசரப்படாதையும். பம்பலப்பிட்டியில கனகாலம் கொம்பியூட்டர் திருத்தினவன் நான். டொஸ் புரோகிராம் 16 பிட். 64 பிட் விண்டோஸில அது நேர ஓடாது. 64 பிட் முறைக்குள்ள போனா, டொஸ் காலத்து 8086 சிப் மாதிரி நடிக்கிற வசதியைச் சிப்பே விட்டிடும். அந்த ஐயாவின்ட கணக்கு அண்டைக்கே நிண்டிடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கேட்ட ஆகக்குறைஞ்ச ராம் 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. திரும்பி வாற ஒரு ஜிபியை விண்டோஸே திண்டிடும். மேலால ஏத்தவும் ஏலாது. டிஸ்கைத் துடைச்சுப் புதுசாத்தான் போடவேணும்.

கொட்டாஞ்சேனையான்:
பழைய டொஸ் கொம்பியூட்டர் மாதிரி நடிக்கிற டொஸ்பொக்ஸ் புரோகிராம் இருக்கே அண்ணை? 64 பிட்டிலயும் டொஸ் புரோகிராம் நல்லா ஓடும்.

பழைய வயர்:
ஓடும். ரசீது அடிக்குமோ? சாதாரண டொஸ்பொக்ஸுக்குப் பிரிண்டர் தெரியாது. அது விளையாட்டுகளுக்கெண்டு செய்தது. கடைக்காரருக்குத் திரையில கணக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம், கையில கடதாசி வரவேணும்.

கொட்டாஞ்சேனையான்:
அது சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா டொஸ்பொக்ஸ்-எக்ஸ் எண்டு அதிலயிருந்து பிரிஞ்சு வந்த ஒண்டு இருக்கு, அதில பிரிண்டருக்கு வழி உண்டு. எவ்வளவு நாளைக்கு 32 பிட்டைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது? விண்டோஸ் 11 32 பிட்டில வரவே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாப் போடுற லினக்ஸில ஒண்டான டெபியன் 13க்கும் 32 பிட் இன்ஸ்டோலரே இல்லை. குரோமும் சூமும் ஒருநாள் கைவிட்டா அந்தப் பெடியன் எங்க போறது?

பழைய வயர்:
2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சுது, 64 பிட்டுக்கும் சேர்த்துத்தான். விண்டோஸ் 11இன்ட 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோவில தொடங்கவே மாட்டாது. பிறகு எந்தப் புதுசுக்கு மாறச் சொல்லுறீர்?

கொட்டாஞ்சேனையான்:
64 பிட் லினக்ஸுக்கு. பெடியனுக்கு வேண்டியது பிரவுசரும் சூமும்தானே.

கடலோரம்:
ரெண்டு பேரும் மதர்போர்ட் எது எண்டு கேக்கேல்லை. அதில சிப்செட் (ராமைச் சிப்போட இணைக்கிற பகுதி) 945 எண்டா 64 பிட் போட்டாலும் 3.2, 3.3 ஜிபிக்கு மேல கிடையாது, அந்தச் சிப்செட்டின்ட எல்லையே 4 ஜிபி. ஜி41 எண்டா 8 ஜிபி வரைக்கும் போகலாம். தங்கச்சி, மூடியைக் கழட்டி எழுத்தைப் பாருங்கோ.

வெள்ளவத்தை மகள்:
கழட்டினன். தூசுக்குள்ள ஜி41 எண்டு கிடக்கு. ராம் டிடிஆர்3.

கடலோரம்:
அப்ப கொம்பியூட்டர் கடைகள் இருக்கிற யுனிட்டி பிளாசாவில 4 ஜிபி ராம் ரெண்டு பழசா எடுங்கோ. வாங்கேக்க கையில வச்சு எண்ணிப் பாருங்கோ: பக்கத்துக்கு 8 எண்டு ரெண்டு பக்கமும் 16 சில்லு இருக்கவேணும். 8 சில்லு மட்டும் உள்ள 4 ஜிபி ராமை ஜி41 ஏற்காது.

பழைய வயர்:
8 ஜிபி எண்டா 64 பிட்டுக்கு நான் மறுப்பில்லை. 4 ஜிபியோட மாத்துறதைத்தான் வேண்டாமெண்டனான். ஆனா பிள்ளை, அந்த டிஸ்கில கை வையாதேங்கோ. கழட்டி அப்பிடியே வச்சிட்டு, வேற டிஸ்கில புதுசைப் போடுங்கோ. ரசீது அடிக்கிற நாளைக்குப் பழைய டிஸ்கைக் கொழுவினாச் சரி.

கொட்டாஞ்சேனையான்:
ஒவ்வொரு முறையும் மூடியைக் கழட்டி வயர் மாத்தச் சொல்லி ஒரு வயசான மனிசனிட்டக் கேக்கலாமே அண்ணை? டொஸ்பொக்ஸ்-எக்ஸில ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டும்.

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். முதல் அந்தக் கணக்கு போல்டரைப் பென் டிரைவில ரெண்டு பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்திட்டன். சனிக்கிழமை என்ட லெப்டொப்பில டொஸ்பொக்ஸ்-எக்ஸ் போட்டுப் பாக்கப்போறன். ரசீது ஒழுங்கா வந்தா ராம் வாங்கப் போவம் எண்டு அவரே சொல்லுறார்.