வசனம் மனப்பாடமாக இருக்கிறது, ஆனாலும் விழுகிறேனே?

தேடுகிறவன் எழுதுகிறார்:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். சபையில் வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாத ஒரு கேள்வியை இங்கே கேட்கிறேன். இரவில் தனியாக இருக்கும்போது கைபேசியில் பார்க்கத் தகாதவற்றைப் பார்க்கும் பழக்கத்தோடு மூன்று ஆண்டுகளாக, வேறு யாருக்கும் தெரியாமல், போராடி வருகிறேன். வேதவசனத்தைக் கொண்டுதான் சோதனையை ஜெயிக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால், 12 வசனங்களைச் சிறிய அட்டைகளில் எழுதி, ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். இச்சை எழும்போது, "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என்னிருதயத்தில் வைத்துவைத்தேன்" என்று ஐந்தாறு முறை சொல்லுவேன். ஆனால் உதடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சென்ற மாதம் ஓர் இரவு நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. 1 கொரிந்தியர் 10:13-ஐ "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்ற கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்த அதே நொடியில், நான் தேடிய பக்கம் திரையில் திறந்தது. அன்றிலிருந்து அந்த வசனத்தைச் சொல்லவே கூசுகிறது. மற்ற அட்டைகளும் என்னைக் குற்றஞ்சாட்டுவதுபோல இருக்கின்றன. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது ஆண்டவராகிய இயேசு மூன்றே முறை "எழுதியிருக்கிறதே" என்றார், பிசாசானவன் விலகிப்போனான். நான் முப்பது முறை சொன்னாலும் ஒன்றும் அசைவதில்லை. நான் தெரிந்தெடுத்த வசனங்கள் சரியில்லையா, அல்லது என்னிடம் விசுவாசமே இல்லையா?

ஓய்வுபெற்ற உபதேசியார் பதில் எழுதுகிறார்:

தம்பி, விசுவாசம் இல்லாதவனுக்கு இந்தக் கூச்சம் வராது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இச்சை எழுந்ததையே தோல்வியாக எண்ணிக்கொள்ள வேண்டாம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். எபிரெயர் 4:15 ஆண்டவரை எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று சொல்லுவதால், சோதிக்கப்படுவது வேறு, பாவம் செய்வது வேறு என்பது தெளிவு.

இனி வனாந்தரத்துக்கு வருவோம். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன மூன்று பதில்களும் எங்கிருந்து வருகின்றன என்று ஒத்துவாக்கியக் குறிப்பைப் பாருங்கள்: உபாகமம் 8:3, 6:16, 6:13. மூன்றும் ஒரே புத்தகம், அதிலும் ஏறக்குறைய அடுத்தடுத்த பக்கங்கள். இஸ்ரவேலர் 40 வருஷம் வனாந்தரத்தில் நடத்தப்பட்டதையும், பசியினால் வருத்தப்பட்டு மன்னாவினால் போஷிக்கப்பட்டதையும், மாசா என்னும் இடத்திலே கர்த்தரைப் பரீட்சை பார்த்ததையும் மோசே ஜனங்களுக்கு நினைப்பூட்டுகிற பகுதி அது. 40 நாள் உபவாசமாயிருந்து பசியோடு நிற்கிறவர், பசியில் தவறிப்போன தம்முடைய ஜனத்தின் கதைக்குள்ளே நின்றுகொண்டு பேசுகிறார். அவசரத்துக்கு எடுத்த ஒற்றை வரியாக அது எனக்குத் தோன்றவில்லை. அந்த அதிகாரங்களில் அவர் நெடுநாள் குடியிருந்திருக்கிறார் என்றே வாசிக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே வசனம் சொன்னவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. தேவாலயத்து உப்பரிகையில், தாழக் குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று பிசாசும் சங்கீதம் 91-ஐச் சொல்லுகிறான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டு, சிங்கத்தையும் வலுசர்ப்பத்தையும் மிதிப்பதைப் பற்றிய அடுத்த வசனம் வருவதற்கு முன்னே நிறுத்தியும் கொள்ளுகிறான். (அந்த வசனம் அவனுக்கு உவப்பாக இருந்திருக்காது.) அதற்கு ஆண்டவர் சொன்ன பதில், "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்பது. அந்த "என்றும்" என்ற சொல்லில் உள்ள உம்மையை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே வாசித்து வந்தேன். நீ சொன்னதும் எழுதியிருக்கிறது, இதுவும் எழுதியிருக்கிறது, ஒன்றை மற்றொன்றோடு சேர்த்து வாசி என்பதுதான் அதன் பொருள். வெட்டியெடுத்த வசனத்தைச் சத்துருவே கையாள முடியும் என்றால், வசனத்தை ஒப்பிப்பதில் மாத்திரம் வல்லமை இருக்கிறது என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

உங்களைக் கூசவைத்த வசனத்தையும் அப்படியே முன்னும் பின்னும் சேர்த்து வாசியுங்கள். அதற்கு முந்தின வசனம், தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன் என்கிறது. அடுத்த வசனமோ, "விலகியோடுங்கள்" என்று முடிகிறது. நடுவில் சொல்லப்பட்ட அந்தப் போக்கு நடந்து வெளியேறுவதற்கான வழி. நீங்கள் வாசலைக் குறித்த வசனத்தை வாசலிலேயே நின்று ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கால் அசையவில்லை. எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது யோசேப்பிடம் எழுதப்பட்ட வேதம் ஒன்றும் இருந்ததாக நாம் வாசிப்பதில்லை. "தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்ற ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்டபின் அவன் அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

இரவுப்பணி பதில் எழுதுகிறார்:

உபதேசியார் ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஓடவேண்டும் என்பது தெரிந்தும் கால் ஏன் அசையவில்லை என்பதுதான் இந்தச் சகோதரரின் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். என்னுடைய போராட்டம் வேறு வகை, பணம் வைத்து ஆடும் கைபேசிச் சீட்டாட்டம். எனவே சற்று உள்ளே இருந்து பேசுகிறேன்.

யாக்கோபு 1:14, 15-இல் ஒரு வரிசை இருக்கிறது. ஒருவன் இழுக்கப்படுகிறான், சிக்குண்டு போகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவம் பிறக்கிறது. நான் எப்போது வசனத்தை எடுத்தேன் என்று பார்த்தால், ஏறக்குறைய பிரசவ வேளையில்தான். அதற்குள் மனம் முடிவு செய்துவிட்டிருக்கும், வசனம் அந்த முடிவின்மேல் போர்த்துகிற துணியாகத்தான் உதவும். உள்ளபடி சொன்னால், "நான் எதிர்த்துப் பார்த்தேன்" என்று பிற்பாடு சொல்லிக்கொள்வதற்காகவே சில முறை வசனம் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒரு நோட்டில், விழுந்த ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரே வரியில் எழுத ஆரம்பித்தேன். "மேலதிகாரி எல்லார் முன்னும் கேலி செய்தார்." "தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை." "வேலை முடிந்தும் தூக்கம் வரவில்லை." ஒரு மாதம் கழித்து வாசித்தபோது, அந்தப் பக்கங்களில் பண ஆசை என்று ஒரு வரிகூட இல்லை, அவமானமும் தனிமையும் களைப்பும்தான் இருந்தன. என்னிடம் இருந்த வசனங்களோ எல்லாம் பண ஆசைக்கு எதிரானவை! நோய் ஒன்று, மருந்து ஒன்று. பிறகு சங்கீதம் 142:4-ஐ எடுத்துக்கொண்டேன்: "என்னை அறிவார் ஒருவரும் இல்லை, எனக்கு அடைக்கலம் இல்லாமற்போயிற்று, என் ஆத்துமாவை விசாரிப்பார் ஒருவரும் இல்லை." ஆட்டத்தைக் குறித்து அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு முந்தைய மனிதனின் பேச்சு அதில் இருக்கிறது.

சங்கீதம் 119:11-ஐ எப்படிச் சொல்லுகிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதில் "உமக்கு", "உமது" என்று இரண்டு சொற்கள் வருகின்றன. அது தேவனோடு பேசுகிற பேச்சு. நான் அதைப் பல காலம் இச்சையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், பூனையை விரட்டுவதுபோல. அவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தபோது பாதியிலேயே நின்றுவிட்டேன், ஏனென்றால் பொய் சொல்லுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. பொய் சொல்லுகிறோம் என்று தெரிந்த இடத்திலிருந்துதான் என் ஜெபம் ஆரம்பித்தது.

மற்றபடி, கைபேசியைப் படுக்கையறையில் மின்னேற்ற வைக்காதீர்கள். இது ஆவிக்குரிய ஆலோசனையா என்று சிலர் சிரிக்கலாம். வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடுவது என்பது எனக்கு அந்த மின்னேற்றியை வேறு அறைக்கு மாற்றியதுதான்.

ஜெபக்குழு அக்கா பதில் எழுதுகிறார்:

உபதேசியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒப்பிப்பதை இவ்வளவு தாழ்வாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எகிப்தின் வனாந்தரத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவிகள் ஒரே வசனத்தை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரான எவாகிரியுஸ், போஜனப்பிரியம், வேசித்தனம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை என்று எட்டு வகைத் தீய எண்ணங்களைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துச் சொல்லத்தக்க வசனங்களை, ஏறக்குறைய 500 வரை, வேதம் முழுவதிலுமிருந்து தொகுத்து வைத்தார். தம்பி செய்த 12 அட்டைகள் அந்தப் பழைய மரபின் சின்னப் பிள்ளை என்றுதான் நான் சொல்லுவேன். அவருக்குப் பின் வந்த யோவான் காசியான் என்பவரோ, எல்லா எண்ணங்களுக்கும் ஒரே வசனம் போதும் என்று சங்கீதம் 70:1-ஐக் கொடுத்தார்: "தேவனே, என்னை விடுவியும்." அதன் தொடக்கம் மூன்றே சொற்கள். தவிக்கிற நேரத்தில் நீண்ட வசனத்தைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு மூளை ஓடாது, இது ஓடும். இதிலும் பேச்சு தேவனை நோக்கித்தான் போகிறது என்பதை இரவுப்பணித் தம்பி ஒத்துக்கொள்ளுவார்.

ஆனால் அந்தத் துறவிகள் வசனத்தோடு தனியாக விடப்படவில்லை. தங்கள் எண்ணங்களை ஒரு மூத்தவரிடம் போய்ச் சொல்லுகிற வழக்கம் அவர்களுக்கு இருந்தது. யாக்கோபு 5:16-உம் அதையே சொல்லுகிறது, "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு". தம்பி எழுதியதில் என்னை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான்: மூன்று வருஷமாக இது வேறு ஒருவருக்கும் தெரியாது. வேதத்தைச் சார்ந்திருப்பது என்றால் வேதம் சொல்லுகிறபடி மனிதரையும் சார்ந்திருப்பது அல்லவா? யாரிடம் சொல்லுவது என்பதில் கவனம் வேண்டும். ஒரு முறை நான் என் பாரத்தைச் சொன்ன இடத்தில், "விசுவாசம் போதாது" என்ற ஒற்றைப் பதிலோடு அனுப்பிவிட்டார்கள். பிறகு வாய் திறக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. உங்களைவிட வயதில் மூத்தவராக, தாமும் விழுந்து எழுந்ததை மறைக்காதவராக ஒருவரைப் பாருங்கள். பழக்கம் உங்கள் தூக்கத்தையும் வேலையையும் விழுங்குகிற அளவுக்குப் போயிருந்தால், தேர்ந்த மனநல ஆலோசகரிடம் போவதும் அவிசுவாசம் ஆகாது.

தேடுகிறவன் எழுதுகிறார்:

மூவருக்கும் மிகுந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மின்னேற்றி இப்போது சமையலறையில் இருக்கிறது. உபாகமம் 8-ஐ மனப்பாடம் செய்யாமல், தினமும் முழுதாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பசியைப் பற்றிய அதிகாரம் என்று நினைத்துத் தொடங்கினேன். ஆனால் பாதிக்குமேல் அது பசியைப் பற்றிப் பேசுவதில்லை, புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்போது இருதயம் மேட்டிமையடைந்து தேவனை மறப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. இரவுப்பணி அண்ணன் சொன்ன நோட்டை நானும் எழுதினேன். என் கதை அவர் கதைபோல இல்லை. பாதி நாள்கள் எல்லாம் நன்றாக நடந்த நாள்கள், வேலையில் பாராட்டு கிடைத்த நாள்கூட ஒன்று. "இன்றைக்கு எனக்கு உரிமை உண்டு" என்பதுபோல ஓர் எண்ணம் முன்னே வருகிறது. அதற்கு என் 12 அட்டைகளில் ஒரு வசனமும் இல்லை.

ஒரு முறை விழுந்தேன், மறைக்கவில்லை. அக்கா சொன்னபடி ஒருவரிடம் பேசவும் செய்தேன், அவர் அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டார். ஒரு கேள்வி மட்டும் மீதி: விழுந்தபின் வசனம் நினைவுக்கு வரும்போது, அது குற்றஞ்சாட்டுகிற சத்துருவின் குரலா, தேவனுடைய குரலா என்று எப்படி அறிவது?

ஓய்வுபெற்ற உபதேசியார் பதில் எழுதுகிறார்:

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்ளுகிறேன், காசியானை மறந்துவிட்டு எழுதிவிட்டேன்.

தம்பி, லூக்கா 22-ஐ வாசியுங்கள். சேவல் கூவுவதற்கு முன்னே என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தை பேதுருவின் காதில் விழுந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. முதல் தரம் மறுதலித்தபோது அது நினைவுக்கு வந்ததாக எழுதியில்லை, இரண்டாம் தரத்திலும் இல்லை. எல்லாம் முடிந்து, சேவலும் கூவி, கர்த்தர் திரும்பி அவனை நோக்கிப் பார்த்தபின்புதான் நினைவுக்கு வருகிறது. வசனம் தாமதமாகத்தான் வந்தது. ஆனாலும் அது அவனை வெளியே கொண்டுபோய் மனங்கசந்து அழ வைத்தது, பிற்பாடு திரும்பி வரவும் வைத்தது. அவன் விழுவதற்கு முன்னமே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியாகிவிட்டது. எந்தக் குரல் என்று கேட்டீர்கள். உங்களை அந்தப் பெரியவரிடம் மறுபடியும் பேசப் போகச் செய்கிறதா, இல்லை அட்டைகளையும் வேதத்தையும் மூடிவைத்துவிட்டு ஒளிந்துகொள்ளச் செய்கிறதா என்று பாருங்கள். நான் பார்ப்பது அதைத்தான்.

உபாகமம் 8-இல் நிறுத்தாதீர்கள். "எனக்கு உரிமை உண்டு" என்ற எண்ணத்துக்கு அடுத்த அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில் மோசே நேராகவே பதில் சொல்லுகிறார்.